புகார் இல்லாத வீதி

நவம்பர் 18

ஜனவரியிலேயே கம்பெனி கொடுத்த டைரி இது. பத்து மாதம் பிரிக்காமல் வைத்திருந்தேன். எழுதுவதற்குத் தகுந்த காரியம் ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கு நடந்திருக்கிறது, செய்தவன் நான்.

எதிர்காலத்தில் யாராவது படித்தால் குழம்பக் கூடாது. என் பெயர் நாச்சிமுத்து. பொள்ளாச்சியில் குழாய் வழியாக வீடுகளுக்கு அடுப்பு கேஸ் கொடுக்கும் செங்காந்தள் கேஸ் கம்பெனியில் பாதுகாப்பு அலுவலர். ஒரு வீட்டில் கேஸ் வாசம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வாயால் சொல்ல வேண்டும். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். முப்பது நாளுக்குள் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வராவிட்டாலும் எழுதியே ஆக வேண்டும். இதுதான் சட்டம், இதுதான் என் பிழைப்பு.

போன வருஷம் முந்நூற்றுப் பன்னிரண்டு அறிக்கை எழுதினேன். "என்னய்யா, உங்க ஊர்ல மட்டும் இத்தனை புகார்?" என்று கோயமுத்தூர் தலைமை அலுவலகத்தில் கேட்டார்கள். சுருக்கென்று இருந்தது. அதற்குத்தான் இன்று மருந்து கண்டுபிடித்துவிட்டேன். அறுபது நாள் போட்டி. எந்த வீதியில் இருந்து ஒரு புகாரும் வரவில்லையோ, அந்த வீதியில் வீட்டுக்கு ஒரு கிரைண்டர் பரிசு. ஜனவரி 20 அன்று மேடை போட்டு, மாலை போட்டு விழா. ஜி.எம். ஸ்ரீதரன் சார் போனிலேயே கை தட்டினார். இது பலித்தால் கோயமுத்தூர் மண்டலப் பாதுகாப்புத் தலைவர் நாற்காலி எனக்குத்தான் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

இந்த யோசனை யாருக்கும் ஏன் இதுவரை வரவில்லை என்று தெரியவில்லை.

நவம்பர் 20

போட்டி தொடங்கியது. நாங்கள் இருப்பது மகாலட்சுமி நகர் நாலாம் வீதி, இருபத்திரண்டு வீடு. இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டே சுலோச்சனா கேட்டாள்.

"ஏனுங்க, நம்ம வீதியும் போட்டியில இருக்குதுங்களா?"

"ஆபீசர் ஊடு இருக்குதுன்னு வீதியையே ஒதுக்கி வெக்க முடியுமா? இருக்குது."

அவள் எங்கள் பழைய கிரைண்டரை ஒரு பார்வை பார்த்தாள். அது அரைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்கள். பெண்டாட்டிக்கு என் திட்டம் பிடித்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தோஷம்.

நவம்பர் 27

ஆபீசில் பரணுக்கு மேல் எலி செத்துக் கிடந்ததாம். மூன்று நாளாகவாம். கட்டுப்பாட்டு அறையில் புகார் போன் எடுக்கும் நிலோபர் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, "எப்படிங்க சார் இங்க உக்காந்து டிபன் சாப்பிடறீங்க?" என்றாள். மனசு வேலையில் இருந்தால் மூக்குக்கு என்ன வேலை அம்மணி என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கடமை உணர்ச்சி என்றால் அதிசயமாக இருக்கிறது.

டிசம்பர் 3

வருடாந்திர உடல் பரிசோதனை. சர்க்கரை கொஞ்சம் கூடுதல், மற்றபடி கல்லுக் குண்டு. கடைசியில் டாக்டர், "வாசனையெல்லாம் நல்லாத் தெரியுதுங்களா?" என்று கேட்டார். தெரியுதுங்க என்றேன்.

கேஸ் கம்பெனியில் வெளி வேலைக்குப் போகிறவனுக்கு மூக்குக்கு வாசம் தெரியாமல் போனால் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. கேஸுக்குச் சொந்த வாசம் கிடையாது. ஜனங்களுக்குத் தெரியட்டும் என்றே ஒரு நாற்ற மருந்தைக் கலந்துதான் குழாயில் விடுகிறோம். அந்த விதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டியதே நான்தான். ஆனால் டாக்டர் அறைக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள். அவரை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருப்பது நியாயமில்லை. என் பையில் எப்போதும் கேஸ் டிடெக்டர் இருக்கிறது. கேஸ் இருந்தால் பீப் பீப் என்று கத்தும். அதற்குச் சளி பிடிக்காது, காய்ச்சல் வராது. அது போதும்.

டிசம்பர் 10

வெற்றி மேல் வெற்றி. போட்டிக்கு முன்பு வாரத்துக்கு ஆறேழு புகார். இந்த வாரம் ஊர் முழுக்க மூன்றுதான்! ஆபீசில் எல்லாருக்கும் தேங்காய்ப்பன் வாங்கிக் கொடுத்தேன்.

நிலோபர் மட்டும் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், குளிர் காலத்துல வாஷரெல்லாம் இறுகி, கசிவு கூடத்தானுங்களே செய்யும்? போன டிசம்பர்ல வந்ததுல பாதிகூட வரலீங்களே" என்றாள். போன டிசம்பரில் கிரைண்டர் கிடையாது அம்மணி, பன்னைத் தின்னு என்றேன்.

டிசம்பர் 17

மார்கழி பிறந்துவிட்டது. விடிகாலையில் வீதி முழுக்கக் கோலம். எங்கள் வீதிப் பெண்கள் இத்தனை ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. வாசலில் சாணிப் பிள்ளையார் வைத்து அதன் மேல் பூசணிப்பூ செருகுவது வழக்கம். இந்த வருஷம் சில வீட்டில் ஒரு பூ, சில வீட்டில் இரண்டு பூ. எதிர்வீட்டுக் கமலவேணி அக்காதான் வீதிக்கே தலைவி மாதிரி. எதுக்குங்க்கா ரெண்டு பூ என்று கேட்டேன்.

"அது ஒரு அழகுக்குத்தானுங்க தம்பி" என்றார்.

சுலோ கையில் சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு மூன்றாவது வீட்டுக்குப் போனாள். அங்கே இரண்டு பூ இருந்தது. கோலம் போட்ட கையோடு வீட்டைத் துடைக்கவும் உதவி செய்கிறார்கள் போல. எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொன்று. சமைத்து முடித்ததும் மீட்டருக்குக் கீழே இருக்கிற மெயின் வால்வையே சுலோ மூடிவிடுகிறாள். அடுப்புத் திருகை மூடினால் போதும் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். சமையலறை ஜன்னலை இந்தக் குளிரிலும் திறந்தே வைக்கிறாள். வயதாகிறது, புழுக்கம் போல.

டிசம்பர் 22

இந்த வாரம் ஊர் முழுக்கப் புகார்: பூஜ்யம். பூஜ்யம்! பூஜ்யம்!

டிசம்பர் 26

கமலவேணி அக்காவுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. காலையில் மோருக்கு வருகிறார், பத்து மணிக்குக் கறிவேப்பிலைக்கு வருகிறார், சாயங்காலம் கரண்டிக்கு வருகிறார். சமையலறை வாசலில் நின்று மூச்சை ஒரு இழுப்பு இழுக்கிறார். பிறகு கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விடுகிறார். பாவம், வயசானால் மறதி.

டிசம்பர் 30

ஜி.எம். ஸ்ரீதரன் சார் கோயமுத்தூரில் இருந்து வந்து தட்டிக் கொடுத்தார். "நாச்சிமுத்து, ஹைதராபாத் கேஸ் கம்பெனியில இருந்து போன் பண்ணிக் கேக்கறாங்க, இது என்ன மந்திரம்னு" என்றார். வெயிட்டான மனிதர், அதிகம் பேசமாட்டார். அவரே இரண்டு வாக்கியம் பேசினார்.

அவர் போன பிறகு நிலோபர் வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஆறாயிரம் ஊட்டுல ஒரு ஊட்டுல கூட வாசம் வரலீன்னா எனக்குப் பயமா இருக்குதுங்க. போன் வேலை செய்யுதான்னு பாக்க வெளிய போய் நானே ஆபீசுக்கு அடிச்சேன்."

"செஞ்சுதா?"

"செஞ்சுதுங்க."

"அப்பறம் என்ன?" என்று கத்திவிட்டேன். நல்லது நடந்தால் பொறுக்காது சிலருக்கு. ஆனால் கத்தியிருக்க வேண்டாம். நாளை ஒரு பன் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 1

புது டைரி. பழையதில் பன்னிரண்டு பக்கம்தான் எழுதியிருந்தேன். இதை முழுக்க நிரப்புவதாக உறுதி.

ஜனவரி 10

நம் நாலாம் வீதி இறுதிச் சுற்றில் இருக்கிறது! ஊரில் பத்தொன்பது வீதிதான் புகார் சொல்லி வெளியேறியிருக்கிறது, மிச்ச வீதிகளுக்கு எல்லாம் பரிசு உண்டு என்று அறிவித்துவிட்டேன். கிரைண்டர் லாரி அடுத்த வாரம் வருகிறது.

சுலோ உடுமலையில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் போகிறாள். போகிறவள் பஸ் ஏறும் வரைக்கும் ஒரே பாட்டு.

"சமையல்கட்டுப் பக்கமே போகாதீங்க. காப்பி, சோறு எல்லாம் கமலவேணியக்கா கொண்டாந்து தருவாங்க. மாமா, கேக்கறீங்களா? அடுப்பத் தொடாதீங்க."

இருபத்தெட்டு வருஷம் எரிவாயுவோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு ஒரு டீ போடத் தெரியாதாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ் கிளம்பியபோது கை காட்டவில்லை. பிறகு காட்டினேன், அதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

ஜனவரி 11, காலை எட்டு மணி

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை. டிடெக்டரை ஆபீசில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தேன். ஆறேகாலுக்கு எழுந்தேன். டீ போடலாம் என்று மீட்டருக்குக் கீழே வால்வைத் திறந்தேன். குளிராக இருந்ததால் ஜன்னலை நன்றாகச் சாத்தினேன். பால் பாக்கெட் இன்னும் வரவில்லை. அரை மணி நேரம் வாசலில் பேப்பர் படித்தேன். பால் வந்ததும் உள்ளே போய், பாத்திரம் வைத்து, லைட்டரைக் கையில் எடுத்தேன்.

"தம்பீ! லைட்டரப் போடாதீங்க! அழுத்தாதீங்க!"

கமலவேணி அக்கா. கோலமாவுக் கையோடு ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டே போனார். அறுபது வயசுப் பெண்மணிக்கு அத்தனை பலம். சுவிட்சைத் தொடாமல் அவரே ஜன்னலைத் திறந்து, வால்வை மூடி, என்னை நடையில் உட்கார வைத்தார்.

"நடையில வரும்போதே கொமட்டுதுங்க தம்பி. உங்குளுக்குத் துளிகூடத் தெரியலீங்களா?"

துளிகூடத் தெரியவில்லை. கதவு வழியே கேஸ் முழுக்க வெளியேறிய பிறகு வால்வை லேசாகத் திறந்து, சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். மீட்டர் மூட்டில் குமிழ் குமிழாக வந்தது. அந்த அறையில் முழு மூச்சு இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே வாசமும் போனது. மல்லிகை தெரியாது, மிளகு ரசம் தெரியாது, சுலோ தலையில் வைக்கும் எண்ணெய் தெரியாது. செத்த எலி தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு தெரியாதவனுக்குக் கேஸ் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்பார்களே என்று பயம்.

ஒரு மணி நேரத்துக்குள் வாயால் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் முடிந்து பதினைந்து நிமிஷம் ஆகிறது.

ஜனவரி 11, பகல் பன்னிரண்டு

அறிக்கைப் படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டு நிரப்பியவன், முந்நூற்றுப் பதிமூன்றாவதில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆறாவது பத்தி: யார், எப்படிக் கண்டறிந்தார்? ஒன்பதாவது பத்தி: உடனிருந்தவர் கண்டறியாததன் காரணம்.

ஒன்பதில் பென்சிலால் "ஜலதோஷம்" என்று எழுதினேன். அழித்தேன். "வேறு அறையில் இருந்தார்" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். தாள் மெலிந்துவிட்டது.

இந்தத் தாளைக் கொடுத்தால் கோயமுத்தூர் நாற்காலி போயிற்று. என் திட்டமே சிரிப்பாய்ச் சிரிக்கும், பாதுகாப்பு அலுவலர் வீட்டிலேயே கசிவு என்று. இருக்கிற வேலையும் போகலாம். கொடுக்காவிட்டால்? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீட்டர் மூட்டை நானே இறுக்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை.

இந்த வாக்கியத்தைத்தான் போன பதினைந்து வருஷமாக மற்றவர்கள் என்னிடம் சொல்லி, நான் அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

எட்டுப் பெண்கள் கும்பலாக வந்தார்கள். முன்னால் கமலவேணி அக்கா.

"தம்பி, இன்னும் ஒரு வாரந்தானுங்க. வாயத் தொறந்துறாதீங்க. எங்க ஊட்டுலயே மூணு தடவ வந்துருச்சு, நாங்க கமுக்கமாத்தான இருக்கறோம்?"

"மூணு தடவையா?" என்றேன்.

"எங்க ஊட்டுல ரெண்டுங்க."

"நம்முளுது ஒண்ணுதானுங்க. ஆனா பெருசு."

யாரும் வெட்கப்படவில்லை, பெருமையாகச் சொன்னார்கள். வாசம் வந்த வீட்டு வாசலில் இரண்டு பூசணிப்பூ. அதைப் பார்த்ததும் யார் முதலில் வருகிறார்களோ அவர் சோப்புத் தண்ணீரோடு போய் வால்வை மூடி, ஜன்னல் திறந்து, மூட்டில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. மார்கழி முழுக்க என் கண் முன்னால் நடந்திருக்கிறது. நான் அழகு என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

"புகார் சொன்னா வீதிக்கே கேஸ நிறுத்திப்போடுவீங்க. கிரைண்டரும் போயிரும். எவ சொல்லுவா?" என்றார் கமலவேணி அக்கா.

கோபத்தில் கத்த வாயைத் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? போட்டி வைத்தவன் நான்.

"அதுசரிங்க்கா, என் ஊட்டுக்கு மட்டும் எதுக்கு நாளைக்கு மூணு தடவ வந்து மோந்து பாத்தீங்க?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். "உங்குளுக்குத்தான் மூக்கு கேக்காதுங்களே தம்பி. சுலோ வெளிய போற நேரமெல்லாம் பாத்துக்கச் சொல்லுச்சு. வீதிக்கே தெரியுமுங்க."

ஜனவரி 11, மாலை

அக்கா போன் போட்டதில் சுலோ விசேஷத்துப் பந்தியைப் பாதியில் விட்டு வந்துவிட்டாள். பட்டுச்சேலையோடு நடையில் நின்று, என்னை மேலும் கீழும் தொட்டுப் பார்த்தாள். பிறகு முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"தொடாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்!"

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல, கசிவு இருக்குதுன்னு?"

"நீங்க உங்க மூக்கப் பத்தி எங்கிட்டச் சொன்னீங்களா?"

அவள் உட்கார நாற்காலியை நகர்த்தினேன், அவள் உட்காரவில்லை.

"ரெண்டு வருசமாத் தெரியுங்க மாமா. ஒரு நா பருப்பு தீஞ்சு ஊடே பொகஞ்சுது, நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சீங்க. அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன், சொல்லலீங்க. சரி, என்ற மூக்கு ரெண்டு பேருக்கும் போதும்னு விட்டுட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயசில் நடுக்கூடத்தில் நின்று அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே, "கிரைண்டருக்கு ஆசப்பட்டுப் புருசனத் தொலைக்கப் பாத்தேனே, பாதகத்தி" என்றாள். அந்த வார்த்தையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது.

பிறகு அலமாரியைத் திறந்து ஒரு கோல நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். புள்ளிக் கோலம், சிக்குக் கோலம் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே பொடி எழுத்தில் தேதி, வீட்டு எண், எத்தனை மணி, எந்த இடத்தில் நுரை வந்தது, யார் போய்ப் பார்த்தார்கள். யார் வீட்டுக்கு எப்போது போனோம் என்று மறந்துவிடக் கூடாது என்று பெண்கள் சேர்ந்து எழுதி வைத்தது.

நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். ஒன்பது வீடு. பதினான்கு கசிவு. எல்லாமே விடிகாலைக் குளிரில். எல்லாமே மீட்டர் மூட்டில். ஒன்பது வீட்டு மீட்டரும் போன சித்திரையில் மாற்றியது. குளிரில் இறுகிப்போகிற மட்டமான ரப்பர் வாஷர், ஒரே சரக்கில் வந்தது. இதே வாஷர் போன சித்திரையில் ஊரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் போட்டோம். அத்தனை வீட்டிலும் இப்போது கசிகிறதோ என்னவோ. ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். நான் அப்படிச் செய்து வைத்திருக்கிறேன்.

என் முந்நூற்றுப் பன்னிரண்டு அறிக்கையில் ஒன்றுகூட இத்தனை சுத்தமாக இல்லை. அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு மணிக்கு ஆபீசுக்குப் போன் போட்டேன். நிலோபர்தான் எடுத்தாள்.

"நாலாம் வீதி, பதினேழாம் நம்பர் வீடு. கேஸ் கசிவு. புகார் கொடுப்பவர் நாச்சிமுத்து."

அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "சார், நாலு வாரத்துல மொதப் புகாருங்க" என்றாள். "யாரு கண்டுபிடிச்சாங்கன்னு எழுதட்டுங்க சார்?"

"எதிர்வீட்டு அக்கா. எனக்கு மூக்கு தெரியாது அம்மணி."

"எலி செத்தன்னிக்கே தெரியுமுங்க சார்" என்றாள்.

ஜனவரி 12

எழுத்து அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். இருபத்து நாலு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் மிச்சம் வைத்து. ஒன்பதாவது பத்தியைப் பேனாவால் நிரப்பினேன். கோல நோட்டை இணைப்பாகச் சேர்த்தேன். வாயால் சொன்னது பத்து மணி நேரம் தாமதம் என்பதையும் எழுதினேன்.

ஜி.எம். போன் செய்தார். "போட்டிய நிறுத்திடுங்க. பழைய சரக்கு வாஷர் எல்லாத்தையும் மாத்துங்க. உங்க விஷயத்த நேர்ல வந்து பேசிக்கறேன்." அவ்வளவுதான்.

ஜனவரி 13

ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொன்னோம். போட்டி கிடையாது, தப்பு எங்களுடையது, துளி வாசம் வந்தாலும் கூப்பிடுங்கள். மைக்கில் பேசியவன் நான். தொண்டை கட்டிவிட்டது.

பகல் பன்னிரண்டில் இருந்து போன் நிற்கவே இல்லை. சாயங்காலம் வரைக்கும் எண்பத்தேழு! ஒரு அம்மா நாற்பது நாளாக மறைத்து வைத்ததை மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "இப்பத்தானுங்க நெஞ்சு லேசாச்சு" என்றாராம். நிலோபர் இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். புகார் வந்ததற்கு நான் இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று போன மாதம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஜனவரி 15

பொங்கல். வாஷர் மாற்றும் வேலை முடியாததால் எங்கள் வீதிக்குக் கேஸ் இல்லை. காலையில் எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே செங்கல்லை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். இருபத்திரண்டு அடுப்பு, இருபத்திரண்டு பானை, ஒரே வரிசை. தென்னமட்டை எரித்ததில் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். ஊதுகுழல் ஊதிக்கொண்டே கமலவேணி அக்கா, "இருபத்திரண்டு கிரைண்டருக்குப் பதிலா இருபத்திரண்டு அடுப்புக் கெடச்சுது" என்றார். வீதியே சிரித்தது. முதல் பானை பொங்கியபோது போட்ட சத்தத்தில் தெருநாய்கள் ஓடின. எந்தப் பானை அடிப்பிடிக்கிறது என்று மோந்து சொல்லும் வேலை சுலோவுக்கு. சோறு எடுத்துப்போடும் வேலை எனக்கு. அதற்கு மூக்கு வேண்டாம்.

இவ்வளவு சந்தோஷமான பொங்கல் எனக்கு வாய்த்ததில்லை.

ஜனவரி 19

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஸ்ரீதரன் சார் வீட்டுக்கே வந்தார். கையில் கவர். வேலையே போனாலும் போகட்டும் என்று இரண்டு நாளாக மனசைத் தயார் பண்ணியிருந்தேன்; ஆனால் கவரைப் பார்த்ததும் தயாரிப்பெல்லாம் ஓடிவிட்டது.

"உங்கள வெளி வேலையில இருந்து எடுத்தாச்சு நாச்சிமுத்து" என்றார். "விதி அப்படித்தான். கோயமுத்தூர் பதவியும் இல்ல. ஆனா அந்தக் கோல நோட்டு இல்லேன்னா இந்த ஊர்ல என்ன நடந்திருக்கும்னு நெனச்சுப் பாக்கவே முடியல. அதனால கட்டுப்பாட்டு அறை இனிமே உங்க பொறுப்பு. புகார வாங்கறது, எழுதறது. வெளி ஆய்வுக்கு நிலோபர் போகட்டும்."

ஆக, அவள் நாற்காலியும் போனும் எனக்கு. என் பைக்கும் டிடெக்டரும் அவளுக்கு. வேலை போகவில்லை! எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

சுலோ காப்பி கொண்டுவந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டிருக்கிறாள் என்று புரிந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சார் தம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆகா, என்ன மணங்க அம்மா! எங்க வீட்டுல இப்படி ஒரு காப்பி வராது" என்று ஒரு வாய் குடித்தார். ரசித்து இன்னொரு வாய் குடித்தார்.

நானும் குடித்தேன். எனக்கு என்ன தெரியும்? ஆனால் சுலோவின் முகம் எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக அதைத்தான் படிக்கிறேன். அவள் சாரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்க சார். நீங்க பேசறதக் கேட்டுட்டு நின்னதுல பால் அடிப்பிடிச்சுக் கருகிப் போச்சுங்க. பின்னாடி பொடக்காளி வரைக்கும் நாத்தமடிக்குதுங்க. பதட்டத்துல அதையே ஊத்திக் கொண்டாந்துட்டேன், வேற போடறேன்னு சொல்றதுக்குள்ள வாங்கிக் குடிச்சுட்டீங்க."

சார் கையில் தம்ளர் அப்படியே நின்றது. எதிர்வீட்டில் இருந்து கமலவேணி அக்காவின் குரல் கேட்டது: "சுலோ, என்னம்மா தீயுது?"

நான் எழுந்து போய்ப் பையில் இருந்து ஒரு அறிக்கைப் படிவத்தை எடுத்து, பேனாவோடு அவர் முன்னால் வைத்தேன். கோபமாக இல்லை, கேலியாகவும் இல்லை. எனக்கு அன்றைக்கு யாராவது இப்படி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் வைத்தேன்.

அவர் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். வெயிட்டான மனிதர் இல்லை இப்போது, என்னைப் போல ஒருவர்.

"மூணு வருஷமாச்சு" என்றார். "வீட்டுல கூடத் தெரியாது."

"தெரிஞ்சிருக்குமுங்க சார்" என்றாள் சுலோ.

அவர் சிரித்துவிட்டார். சட்டைப் பையில் இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "எத்தன நேரம் இருக்கு நாச்சிமுத்து?" என்றார்.

"இருபத்து நாலு மணி நேரம் சார். பத்தே முக்கால்ல இருந்து."

பெயர், பதவி, ஊர் எல்லாம் நிதானமாக எழுதிக்கொண்டே வந்தவர் ஒன்பதாவது பத்தியில் நின்றார். பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுல நீங்க என்ன எழுதினீங்க?"

"வாசம் தெரியாது, சொல்றதுக்குப் பயமா இருந்துச்சுன்னு எழுதினேன் சார்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு குனிந்து அதையே எழுதினார்.